கணவருக்கு டி.பி., வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் நகரியில் தறி ஓட்டும் குடும்பம். கணவருக்குச் சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்து, பத்து நாளாக மாத்திரை சாப்பிடுகிறார். மாமியார் தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கிவிட்டார். மாமனாரோ, "மதனப்பள்ளி ஆரோக்கியவரம் டி.பி. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடு, அங்கே காற்று நல்லது" என்கிறார். மூன்று வயதுப் பெண் குழந்தைக்குப் பிறந்ததுமே பி.சி.ஜி. தடுப்பூசி போட்டாயிற்று, அது போதாதா?
- வாசகி, நகரி

பதில்: வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் அம்மா. மாமனார் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். 1915-ல் ஆரோக்கியவரம் திறந்தபோது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது, ஓய்வும் காற்றும் சாப்பாடும்தான் வைத்தியம். மாத்திரை வந்த பிறகும் அப்படி அனுப்பத்தான் வேண்டுமா என்று சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் ஆராய்ச்சி தொடங்கி, 193 ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்துக்கும் (டி.பி. நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி) மீதிப் பேரை நெரிசலான தங்கள் வீட்டுக்கும் அனுப்பி, இருவருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். நம்ம ஊர் ஏழைகள் கொடுத்த பதில் அது, எனக்கு இன்றைக்கும் அதில் பெருமை உண்டு.

தட்டு டம்ளரில் டி.பி. பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், ஒதுக்கி வைத்தால் உங்கள் கணவர் மனசு விட்டுப்போய் மாத்திரையையும் விட்டுவிடுவார். இப்போதைக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாயை மூடி இருமட்டும், குழந்தையோடு படுக்க வேண்டாம். சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள், ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது. இருமல் நின்றதும் சரியாகிவிட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறுகிறது. வழக்கமான டி.பி. என்றால் ஆறு மாதம், ஒரு நாளும் விடக்கூடாது. நடுவில் திருத்தணிப் பக்கம் வேலைக்குப் போனாலும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் அங்குள்ள அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தொடரலாம்.

பி.சி.ஜி. குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கொடியவற்றிலிருந்து காக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. 1968-ல் உங்கள் பக்கத்துத் திருவள்ளூர் கிராமங்களில் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்றே தெரிந்தது. அதனால் குழந்தையை இந்த வாரமே கணவர் மருந்து வாங்கும் இடத்துக்கு அழைத்துப்போய்ப் பரிசோதியுங்கள். நோய் இல்லை என்றால் தடுப்பு மருந்து தருவார்கள், அதையும் முழுதாகக் கொடுங்கள்.