தொப்பி வைத்த மேலங்கி தைக்கலாமா? கேளுங்கள், சொல்கிறேன்

ஒளிவிழாவும் (பாடசாலைகளில் நடக்கும் நத்தார் விழா) நாடகப் போட்டிகளும் நெருங்கும் காலம், எல்லாரும் ஒரே உடுப்பைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஞானிக்கும் சூனியக்காரிக்கும் துறவிக்கும் வெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். பல வருடமாக மேடை உடுப்புத் தைக்கிறேன், செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா: அக்கா, மகனுக்குப் பத்து வயது, ஒளிவிழாவில் ஞானி வேஷம். எத்தனை மீற்றர் துணி எடுக்க?

முதலில் பிள்ளையைச் சப்பாத்தோடு நிற்க வைத்து, கழுத்தடியிலிருந்து கணுக்கால் வரை அளந்துகொள்ளுங்கள். 44 அங்குலம் என்று வைப்போம். கழுத்துச் சுற்றளவைக் கொஞ்சம் தளர்வாக 14 என்று எடுங்கள். அரைவட்ட மேலங்கிக்குக் கழுத்துச் சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் கழுத்து வளைவின் ஆரம் வந்துவிடும், இங்கே 4.5 அங்குலம். 44, 4.5, கீழ் மடிப்புக்கு 1, மொத்தம் 49.5. துணியின் நீளம் இதைப் போல இரண்டு மடங்கு, 99 அங்குலம், அதாவது 2.5 மீற்றர். கடையில் கோணலாகக் கிழித்துத் தருவதும் உண்டு, அதனால் 2.75 வாங்குங்கள். அகலம் 58 அங்குலம் இருக்க வேண்டும், புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவிலோ கெய்சர் வீதியிலோ வாங்குவதற்கு முன் அகலத்தைக் கேட்டுவிடுங்கள். 45 அங்குலத் துணி என்றால் இந்தக் கணக்குச் சரிவராது.

தொப்பிக்கென்று தனியாகத் துணி வாங்கத் தேவையில்லை. அரைவட்டத்தை வெட்டி எடுத்த பிறகு இரண்டு பக்கமும் மூலை மிஞ்சும் அல்லவா, ஒவ்வொரு மூலையிலும் 12க்கு 14 அங்குலத் துண்டு தாராளமாக வரும். அந்த இரண்டும்தான் தொப்பியின் இரண்டு பாதி.

வட்டம் வரைய நூலில் சோக் கட்டாதீர்கள், நூல் இழுபடும். துணியின் நீள விளிம்பின் நடுவில் அளவு நாடாவின் ஒரு முனையைக் குண்டூசியால் குத்திவிட்டு நாடாவையே சுழற்றி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போங்கள்.

தெஹிவளைத் தம்பி ஒருவர்: முழுவட்டம்தான் அழகு என்கிறார்கள், உண்மையா?

சுழன்றால் அழகு. ஆனால் பெரிய ஆளுக்கு 50 அங்குல நீளத்தில் அரைவட்டம் தைத்தால் கீழ் விளிம்பு சுமார் 4.4 மீற்றர், முழுவட்டம் என்றால் சுமார் 8.4 மீற்றர். துணியும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பாரமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, மடித்துத் தைக்கும் நேரமும் அப்படித்தான். நடந்து வந்து நின்று வசனம் பேசும் பாத்திரத்துக்கு அரைவட்டம் போதும்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி: கறுப்பு வெல்வெட்டில் தைத்தேன். ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சாம்பலாகவும் தெரிகிறது. துணி பழுதா?

துணியில் பழுதில்லை. வெல்வெட்டின் மயிருக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது, கையால் தடவிப் பாருங்கள், ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். அரைவட்டத்தை ஒரே துண்டாக வெட்டினால் இடப்பக்க முன் விளிம்பில் மயிர் கீழ்நோக்கியும் வலப்பக்கத்தில் மேல்நோக்கியும் போகும், அதனால் வெளிச்சம் இரண்டிலும் வேறு மாதிரிப் படுகிறது. அடுத்த முறை துணியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒரு துண்டைத் திருப்பி, இரண்டிலும் மயிர் ஒரே திசையில் போகும்படி வைத்து, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரண்டு கால்வட்டம் வெட்டுங்கள். முதுகு நடுவில் ஒரு மூட்டு வரும், அவ்வளவுதான், துணி கூடுதலாகப் போகாது. மெசினில் வெல்வெட் வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை நல்ல பக்கத்தில் வைக்கவே வேண்டாம், மயிர் நசுங்கினால் பிறகு எழும்பாது. துவாயின் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தால் ஆவி மட்டும் காட்டுங்கள்.

பம்பலப்பிட்டி, நாடகப் பொறுப்பாசிரியர்: மேலங்கி பின்னால் இழுத்துக் கழுத்தை நெரிக்கிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

சேர், இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். ஆரம்ப காலத்தில் ஒரு பாடசாலை நாடகத்துக்கு நான் தைத்த மேலங்கி வெறும் நாடாவால் தொண்டையில் கட்டுவதுதான். அந்தப் பையன் இரண்டாம் காட்சி முழுக்க ஒரு கையால் நாடாவைப் பிடித்துக்கொண்டே பேசினான், திரை விழுந்த பிறகு பார்த்தால் கழுத்தில் சிவப்பாகக் கோடு. அன்றிலிருந்து பாரத்தைத் தொண்டையில் விடுவதே இல்லை.

பாரம் தோளில் உட்கார வேண்டும். அதற்கு இரண்டு வேலை. கழுத்திலிருந்து தோள் வழியே இரண்டு பக்கமும் நாலு அங்குல நீளத்துக்கு ஒரு டார்ட் (துணியைக் கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடியுங்கள், அரைவட்டம் தோளின் வளைவுக்கு வந்துவிடும். அப்புறம், உள்ளே தோள் பக்கத்தில் இரண்டு நீள வார் வைத்துத் தையுங்கள். அவற்றை நெஞ்சில் குறுக்காகப் போட்டு, மேலங்கிக்கு உள்ளாலேயே முதுகுக்குக் கொண்டுபோய் இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும். இந்த வார்தான் முழுப் பாரத்தையும் தாங்கும், கழுத்துக் கொக்கி வெறும் அலங்காரத்துக்கு. இதனால் இன்னொரு நன்மை, யாராவது பின்னால் விளிம்பை மிதித்தாலும் இழுப்பு நெஞ்சுக்குத்தான் போகும், தொண்டைக்குப் போகாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்தில் கொக்கியும் வேண்டாம், வெல்க்ரோ வையுங்கள், இழுபட்டால் தானாகக் கழன்றுவிடும்.

அதே ஆசிரியர்: தொப்பி கண்ணை மறைக்கிறது, முகமும் தெரியவில்லை.

மேடை விளக்கு மேலிருந்து வருவதால் ஆழமான தொப்பி முகத்தை இருட்டாக்கிவிடும். முன் விளிம்பு தலைமயிர் தொடங்கும் இடத்தில் நிற்கட்டும். உள்ளே நடுவில் ஒன்றும் காதுப் பக்கம் ஒவ்வொன்றுமாக மூன்று கிளிப் தைத்து, தலைமயிரில் குத்திவிடுங்கள். முகமே தெரியக் கூடாத பாத்திரம் என்றால் மட்டும் நாலு அங்குலம் கூட்டலாம். தொப்பியின் அடி விளிம்பு கழுத்தை விட அகலமாகத்தான் வரும், மிச்சத்தைப் பின்கழுத்தில் மடிப்பாக எடுங்கள், முன்பக்கம் எடுத்தால் கன்னத்தில் புடைக்கும்.

மட்டக்குளி: கொழும்பு வெயிலில் வெல்வெட் போட்டால் பிள்ளை மயங்கிவிடாதா?

ஒத்திகையும் சேர்த்து மூன்று மணித்தியாலம் போட வேண்டும் என்றால் வெல்வெட் வேண்டாம். பாரமான பருத்தி நல்லது, ஆனால் சுருங்கும், வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயப் போடுங்கள். வெல்வெட்டேதான் வேண்டுமென்று நின்றால் முழு லைனிங் (உள்துணி) போடாமல், தொப்பியின் உள்ளேயும் முன் விளிம்பில் நாலு அங்குலத்துக்கும் மட்டும் சட்டின் வையுங்கள். சபையிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது அந்த இடம் மட்டும்தான்.

வத்தளை: புதுத்துணி வாங்க வசதியில்லை அக்கா. பழைய சாறி ஒன்று இருக்கிறது.

தாராளமாக. சாறியின் அகலம் சுமார் 45 அங்குலம், பத்து வயதுப் பிள்ளைக்கு அதுவே நீளம். வட்டமாக வெட்டவே வேண்டாம். மூன்று மீற்றரை எடுத்து, கரை கீழே வரும்படி பிடித்து, மேல் பக்கத்தைச் சுருக்கித் தோளை மூடும் ஒரு பட்டியில் தையுங்கள். கீழே மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. மிச்சத்தில் தொப்பி, முந்தானையில் இடுப்புப் பட்டி. ஜரிகைக் கரை மேடையில் மின்னும்போது ராசா வேஷத்துக்கு வேறு அலங்காரம் எதற்கு! மெசின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தோள்பட்டியை மட்டும் கையால் பின்தையல் போட்டு இறுக்கமாகத் தைத்துவிடுங்கள்.

ஒரு தம்பி: கை வைத்த நீள அங்கிக்கு என்ன வெட்டு?

நைட்டி வெட்டுத்தான். முன்பக்கத்தை நடுவில் திறந்து, கையை முழங்கையிலிருந்து அகலமாக்கி, தொப்பியை வையுங்கள். உங்கள் அம்மாவுக்கே தெரிந்திருக்கும்.

கல்கிசை: கீழ் விளிம்பு சமமாகத்தான் வெட்டினேன், மாட்டிப் பார்த்தால் இரண்டு இடத்தில் தொங்குகிறது.

வட்டமாக வெட்டிய துணியில் சில இடம் இழைக்குச் சாய்வாக வரும், அந்த இடம் தன் பாரத்தாலேயே இழுபட்டு நீளும். அதனால் கழுத்து வேலையை முடித்ததும் ஹாங்கரில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். பிறகு பிள்ளைக்குப் போட்டு, நிலத்திலிருந்து அடிமட்டத்தால் சுற்றிவர அளந்து வெட்டி, ஒடுக்கமாக மடியுங்கள். படி ஏற வேண்டிய பாத்திரம் என்றால் முன்பக்கம் நிலத்திலிருந்து மூன்று அங்குலம் உயர்ந்தே இருக்கட்டும்.

கொச்சிக்கடை: எங்கள் காட்சியில் எல்லாரும் மெழுகுவர்த்தி பிடித்து வருகிறார்கள். எந்தத் துணி பாதுகாப்பு?

எந்தத் துணியும் இல்லை. பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி பற்றிக்கொண்டு எரியும், இரண்டும் ஆபத்து. அகலமான கையும் தொங்கும் தொப்பியும் போட்ட பிள்ளையின் கையில் தீயைக் கொடுக்காதீர்கள். பற்றரி மெழுகுவர்த்தி புறக்கோட்டையில் கிடைக்கும், துணி வாங்கப் போகும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள்.