விசா போன பிறகு கல்லூரி: ஃப்ரீமான்ட் அம்மாவுக்கு ஒரு பதில்

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவருக்கு எச்-1பி வேலை போனது. 60 நாள் அவகாசத்துக்குள் அடுத்த வேலை கிடைக்கவில்லை. குடும்பத்துக்கே விசா இல்லாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஏழு வயதில் வந்த மகள் இப்போது 12-ஆம் வகுப்பில் இருக்கிறாள், ஏப்ரலில் 18 முடிகிறது. தம்பி இங்கேயே பிறந்தவன். மகளை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்தே ஆகவேண்டும் என்கிறார் அப்பா. கடனுக்குக் கையெழுத்துப் போட நியூஜெர்சி மாமா தயாராக இருக்கிறார். "டெக்சாஸில் ஃபீஸ் குறைவு, எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும்" என்பது டாலஸ் சித்தப்பா சொல்லும் யோசனை. கோவைப் பெரியப்பாவோ, ஊருக்கு அனுப்பினால் என்.ஆர்.ஐ. கோட்டாவில் சீட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். "எங்களால் அவள் எதிர்காலம் பாழாகிவிட்டதா?" என்று அந்த அம்மா கேட்கிறார்.

பாழாகவில்லை அம்மா. ஆனால் சொந்தக்காரர்கள் காட்டும் மூன்று வழிகளில் எதில் போனாலும் பாழாகிவிடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

முதலில் டாலஸ். சித்தப்பா சொல்வது பழைய டெக்சாஸ். ஆவணம் இல்லாத மாணவர்களுக்கும் உள்ளூர்க் கட்டணம் (அந்த மாநிலத்தவர் கட்டும் குறைந்த கட்டணம்) என்று 2001-இல் முதலில் சட்டம் போட்ட மாநிலம் அதுதான். 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட்ட அன்றே மாநில அரசு ஒத்துக்கொண்டு அந்தச் சலுகையைக் கைவிட்டது. ஃப்ளோரிடாவும் அதே வருடம் ரத்து செய்தது. ஜார்ஜியாவில் ஜார்ஜியா டெக் போன்ற கல்லூரிகளில் சேரவே முடியாது. 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 1982-லேயே நாடு முழுவதற்கும் உறுதி செய்துவிட்டது. அதனால்தான் இதுவரை பள்ளியில் யாரும் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரிக்கு அப்படி ஒரு தீர்ப்பு இல்லை. எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதுதான் எல்லாம். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் அதைவிட்டு நகரக் கூடாது.

அடுத்தது கோவை. ஊரில் படிப்பது தவறே இல்லை. ஆனால் 18 வயது முடிந்த பிறகு 180 நாளுக்கு மேல் அந்தஸ்து இல்லாமல் இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் திரும்பி வர முடியாது. ஒரு வருடம் தாண்டிவிட்டால் பத்து வருடம். 18-க்கு முந்திய நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. அதனால் உங்கள் மகளுக்கு ஏப்ரலில்தான் கணக்கு தொடங்குகிறது. போவதா, இருப்பதா என்பதை லைசென்ஸ் உள்ள குடியேற்ற வழக்கறிஞரோடு உட்கார்ந்து, அதுவும் ஏப்ரலுக்கு முன்பே, முடிவு செய்யுங்கள். பெரியப்பாவோடு வாட்ஸ்அப்பில் பேசி டிக்கெட் போடாதீர்கள். "கொஞ்சம் பணம் கட்டினால் மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்கித் தருகிறோம்" என்று வருபவர்களிடமும் போகாதீர்கள். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்றை குடியேற்றத் துறையே போலியாக நடத்தியது. 2019-இல் அதில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுப் பிள்ளைகள். சிறு வயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் காக்கும் டாக்கா (DACA) திட்டம் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2007 ஜூன் 15-க்கு முன்பே இங்கு வந்திருந்தால்தான் அது பொருந்தும், உங்கள் மகள் அன்று பிறக்கவே இல்லை.

இனி பெர்க்லி. இங்கே நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். கடன் வேண்டாம். மாமாவின் கையெழுத்து வேண்டவே வேண்டாம். உள்ளூர்க் கட்டணமே போட்டாலும் தங்குமிடம், சாப்பாடு சேர்ந்து ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும். மாநில உதவி படிப்புக் கட்டணத்தைத் தாங்கலாம், மீதியை முழுதாகத் தாங்காது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்துக்கு மதிப்பு வருவதே வேலை கொடுக்கும் கம்பெனியால்தான். அந்தக் கம்பெனி சேரும்போதே ஐ-9 படிவத்தை நீட்டும், வேலை அனுமதியைக் கேட்கும். அனுமதி எப்போது வரும் என்று தெரியாத ஒரு பெண்ணின் தலையில் லட்சம் டாலர் கடனை ஏற்றினால், 22 வயதில் அவள் கையில் பட்டமும் தவணையும் இருக்கும், வேலை இருக்காது.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்பவர் அப்பாதான். மகள் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அவளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது வேறு. தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழா வரவு செலவை அவள்தான் எக்செல்லில் போட்டாள், கேட்டரிங் பில் இரண்டு முறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தாள், ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டி ஒரு ஃபைலே தயார் செய்தாள் என்கிறீர்கள். யாரும் சொல்லாமல் ரசீது ஒட்டுகிற பிள்ளைக்குக் கணக்கு பிடித்திருக்கிறது. அக்கவுண்டிங் படிக்க விடுங்கள்.

எங்கே? உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஓலோனி கம்யூனிட்டி காலேஜில். முதல் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளும் கல்லூரி அது. நம்மவர்கள் இதைச் சீட் கிடைக்காதவர்கள் போகும் இடமாக நினைக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் உங்கள் மகளின் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பாதுகாப்பான கதவு இந்த நாட்டில் அதிகம் இல்லை. பாடங்களை யூனிட் கணக்கில் அளக்கிறார்கள், கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். பட்டப்படிப்பின் முதல் பாதிக்கு 60 யூனிட், அதாவது இரண்டு வருடத்துக்கு 2,760 டாலர். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அதையும் தள்ளுபடி செய்ய ப்ராமிஸ் கிராண்ட் இருக்கிறது. வீட்டிலேயே தங்கி, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுப் போய் வரலாம்.

இந்த விலை கிடைக்கக் காரணம் 2001-இல் வந்த ஏபி 540 சட்டம். கலிபோர்னியாவில் மூன்று வருடம் பள்ளியில் படித்து, ஹைஸ்கூல் முடித்தவர்களுக்கு வெளிமாநிலக் கட்டணம் கிடையாது. எங்கே குடியிருக்கிறாய் என்று அது பார்ப்பதில்லை, எங்கே படித்தாய் என்றுதான் பார்க்கிறது. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2025 நவம்பரில் மத்திய அரசு கலிபோர்னியா மீதும் வழக்குப் போட்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் கல்லூரி அலுவலகத்தில் நிலவரம் கேளுங்கள். பெரிய தொகையை முன்னால் கட்டிவிட்டுக் காத்திருக்காமல், செமஸ்டர் செமஸ்டராகச் சின்னத் தொகை கட்டும் இடத்தில் இருப்பதன் நன்மையும் இதுதான்.

விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் வரும், பயந்துவிடாதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை என்பதற்கு அதிலேயே ஒரு கட்டம் உண்டு, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணை இட்டுக்கட்டி எழுதவே கூடாது. சமர்ப்பித்ததும் கம்ப்யூட்டர் அவளை வெளிமாநில மாணவியாக எடுத்துக்கொண்டு யூனிட்டுக்கு நூற்றுக்கணக்கில் பில் போட்டுவிடலாம். அந்த பில்லைப் பார்த்து எத்தனையோ குடும்பங்கள் ஓசைப்படாமல் விலகிவிடுகின்றன. விலகாதீர்கள். ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட்டை எடுத்துக்கொண்டு அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்குப் போய் ஏபி 540 படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பில் மாறும்.

உதவித்தொகைக்கு மத்திய அரசின் ஃபாஃப்சா படிவத்தை அவள் தொடக்கூடாது. அவளுக்கு உரியது கலிபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம், அது மாநில அரசிடம் போகிறது. மார்ச் 2-க்குள் போட்டுவிடுங்கள். (தம்பி குடிமகன், வளர்ந்ததும் ஃபாஃப்சா போடும் தகுதி அவனுக்கு உண்டு. ஆனால் அதில் உங்கள் விவரமும் கேட்பார்கள். அன்றைக்கு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டே போடுங்கள்.)

இரண்டு வருடம் முடிந்ததும் அவளுக்கு முன்னால் இரண்டு பாதைகள் இருக்கும். பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷனில் டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் (இரண்டு வருடப் பட்டம்) வாங்கினால் கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் ஓர் இடம் உறுதி, மீதி 60 யூனிட்டில் பட்டம் முடியும். பக்கத்து ஹேவர்டில் கால் ஸ்டேட் ஈஸ்ட் பே இருக்கிறது, ஃப்ரீமான்ட்டிலிருந்து பார்ட் ரயிலேறிப் போய் வரலாம். 2025-26 கல்வியாண்டில் படிப்புக் கட்டணம் மட்டும் 6,450 டாலராக இருந்தது, உதவித்தொகை வந்தால் குறையும். யூசி (பெர்க்லியும் சேர்ந்த கலிபோர்னியா பல்கலைக்கழகம்) தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்து தருகின்றன. ஒரு வளாகத்துக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம், செப்டம்பர் மாதம்தான் அதற்கு நேரம். எல்லாப் பாடத்துக்கும் கிடையாது. பெர்க்லி இந்தப் பட்டியலில் இல்லை. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் முதல் செமஸ்டரிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் யூனிட் வீணாகும்.

வேலை? பொய் சொல்ல மாட்டேன். 2014-இல் வந்த சட்டப்படி, அக்கவுண்டன்ஸி வாரியம் உட்பட இந்த மாநிலத்தின் தொழில் வாரியங்கள் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி உரிமம் மறுக்க முடியாது, வருமான வரிக்கான ஐடின் எண்ணையும் ஏற்க வேண்டும். ஆனால் உரிமம் வேறு, வேலை அனுமதி வேறு. அனுமதி வராத வரை அவள் என்ன செய்யலாம், என்ன கூடாது, ஐடின் இப்போது எடுக்கலாமா என்பதெல்லாம் வழக்கறிஞர் சொல்ல வேண்டியவை. நான் சொல்லக்கூடியது, கடனில்லாத பட்டம் காத்திருக்கும், கடன் காத்திருக்காது.

கடிதத்தின் கடைசி வரியில், விசா முடிந்ததை மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள், இந்த வாரமே. ஏபி 540 படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவள். தகுதி வரும்போது சட்டபூர்வ அந்தஸ்துக்கு விண்ணப்பிப்பேன் என்று அதில் அவள் உறுதி கொடுக்க வேண்டும். அந்த வரியை ஒரு கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டு அவள் முதன்முதலாகப் படிக்கக் கூடாது. அப்பாவும் கூட இருக்கட்டும். சொல்லி முடித்ததும் என்ன படிக்க ஆசை என்று அவளைக் கேளுங்கள், அவள் பேசி முடிக்கும்வரை மாமாவின் கடன் பேச்சை எடுக்காதீர்கள்.