முழு எண்களின் விந்தைகளுக்குக் காரணம் உண்டா, எல்லாம் தற்செயல்தானா?

முழு எண்களைப் பற்றி வியப்பூட்டும் தகவல்கள் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, அவற்றுக்கெல்லாம் காரணம் உண்டா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். தகவல்கள் எங்கும் கிடைக்கும். ஆனால் காரணம் புரிந்த பிறகுதான் எனக்கு ஓர் எண்ணின் மேல் பிரியம் வருகிறது.

பள்ளியில் தசம வகுத்தல் படித்த நாட்களில் 1ஐ 7ஆல் வகுக்கும் கணக்கு வந்தது. மீதி பூஜ்ஜியம் ஆகும்வரை விடுவதில்லை என்று நானாக முடிவுசெய்துகொண்டு நோட்டில் கீழே இறங்கிக்கொண்டே போனேன். 0.142857142857 என்று வந்துகொண்டே இருந்தது. சரி, 2ஐ வகுத்துப் பார்ப்போம் என்றால் 0.285714. 3ஐ வகுத்தால் 0.428571. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை, தொடங்கும் இடம் மட்டும் வேறு. ஏன் என்று அன்று யாரிடமும் கேட்கவில்லை. பல வருடம் கழித்துக் காரணம் புரிந்தபோது, அது அந்த நோட்டிலேயே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. நான் ஈவுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் மீதிகளில் இருந்தது.

முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். 142857ஐ 2, 3, 4, 5, 6 ஆகியவற்றால் பெருக்கினால் 285714, 428571, 571428, 714285, 857142. கைகோத்து நிற்கும் ஆறு பேர் கையை விடாமல் வட்டமாகச் சுற்றுவது போல இருக்கும். 7ஆல் பெருக்கினால் 999999. இரண்டாக வெட்டிக் கூட்டினால் 142 + 857 = 999. மூன்றாக வெட்டிக் கூட்டினால் 14 + 28 + 57 = 99.

இப்போது மீதிகள். 7ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் 1 முதல் 6 வரை ஆறுதான். பூஜ்ஜியம் வராது, ஏனென்றால் 10, 100, 1000 எதையும் 7 மீதியில்லாமல் வகுக்காது. 1இல் தொடங்குகிறோம். ஒரு பூஜ்ஜியம் சேர்த்து 10ஐ வகுத்தால் ஈவு 1, மீதி 3. 30ஐ வகுத்தால் ஈவு 4, மீதி 2. இப்படியே போனால் மீதிகள் 1, 3, 2, 6, 4, 5 என்று வந்து மறுபடி 1க்குத் திரும்பும். ஆறு மீதிகளும் ஆளுக்கு ஒருமுறை வந்துவிட்டன. அப்புறம் 3/7 என்பது என்ன? அதே கணக்கில், மீதி 3 இருக்கும் இடத்தில் நடுவில் புகுந்துகொள்வதுதான். அந்த இடத்து ஈவு 4. அதனால் 3/7 நான்கில் தொடங்கி அதே வட்டத்தில் போகிறது. இதில் மாயம் எதுவும் இல்லை, ஆனாலும் எனக்கு இது இன்னும் அழகாகத்தான் தெரிகிறது.

எல்லாப் பகா எண்களும் இப்படி நடந்துகொள்ளாது. 1/13 = 0.076923 என்று ஆறு இலக்கத்திலேயே சுற்று முடிந்துவிடும். பன்னிரண்டு மீதிகளில் ஆறைத்தான் அது தொடுகிறது; மிச்ச ஆறும் 2/13 = 0.153846 என்ற தனிச் சுற்றில் இருக்கின்றன. 17 எல்லாவற்றையும் தொடும். அதன் சுற்று 0588235294117647, பதினாறு இலக்கம். முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விட்டுவிடாமல், 2 முதல் 16 வரை எந்த எண்ணால் பெருக்கினாலும் அதே வட்டம்தான். 19, 23, 29 ஆகியவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா? இருக்கும் என்றுதான் 1927இல் எமில் ஆர்ட்டின் முன்வைத்த ஊகம் சொல்கிறது. இன்றுவரை நிரூபணம் இல்லை.

அந்த 17ஐக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

31 பகா எண். 331 பகா எண். 3331, 33331, 333331, 3333331, 33333331 எல்லாமே பகா எண்கள். வரிசையாக ஏழு. அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் 333333331 = 17 × 19607843. சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது.

இதை முதலில் படித்தபோது, ஏழு முறை சரியாக வந்ததாலேயே எதையும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 333333331ஐ 3ஆல் பெருக்கினால் 999999993. அதாவது நூறு கோடியிலிருந்து 7 குறைவு. ஆகவே 17 இதை வகுக்குமா என்ற கேள்வி, 1, 10, 100, 1000 என்று போகும்போது 17ஆல் வகுத்து மீதி 7 எப்போதாவது வருமா என்ற கேள்விதான். 17க்கு எல்லா மீதிகளும் வந்தே தீரும் என்று இப்போதுதான் பார்த்தோம்! மீதிகளை வரிசையாக எழுதினால் 1, 10, 15, 14, 4, 6, 9, 5, 16, 7. ஒன்பதாவது பூஜ்ஜியத்தில் 7 வந்துவிடுகிறது. பதினாறு அடிக்கு ஒருமுறை அது திரும்பவும் வரும் என்பதால், இதே வடிவில் 25 இலக்கம் கொண்ட எண்ணையும் 17 வகுக்கும். 142857 சுழல்வதற்கும் இந்தச் சங்கிலி அறுவதற்கும் ஒரே காரணம் என்று தெரிந்த அன்று, வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன்.

கணித மேதை ஜி. எச். ஹார்டி இந்த மாதிரி எண் விந்தைகளை மதித்தவர் அல்ல. 1940இல் எழுதும்போது இரண்டு எடுத்துக்காட்டுகள் கொடுத்தார். ஒன்று, 8712உம் 9801உம் தங்களைத் திருப்பிப்போட்ட எண்ணின் மடங்குகள்: 8712 = 4 × 2178, 9801 = 9 × 1089. நான்கு இலக்கத்தில் இவை இரண்டுதான் (திருப்பினால் மாறாதவற்றையும் பூஜ்ஜியத்தில் முடிபவற்றையும் கணக்கில் சேர்க்கவில்லை). இன்னொன்று, 1ஐ விட்டால், தன் இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் தானே வரும் எண்கள் நான்கே: 153, 370, 371, 407. இவை புதிர்ப் பத்திகளுக்குச் சரி, கணிதவியலாளரை ஈர்க்க இவற்றில் எதுவும் இல்லை என்பது அவர் கருத்து.

153 விஷயத்தில் அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து இலக்க எண்ணில் எல்லாமே 9 ஆக இருந்தாலும் கனங்களின் கூட்டல் 5 × 729 = 3645தான், ஐந்து இலக்கத்தை எட்டவே எட்டாது. அதனால் தேட வேண்டிய இடம் சின்னது. தேடினால் நான்கு எண்கள் அகப்படுகின்றன, அதோடு கதை முடிந்தது. பத்தை அடிமானமாக வைத்து (பத்து சேர்ந்ததும் அடுத்த இடத்துக்குப் போகும் நம் வழக்கப்படி) எழுதாமல் எட்டை வைத்து எழுதியிருந்தால் இந்தப் பட்டியலே வேறு.

ஆனால் 142857உம் பத்தை வைத்து எழுதுவதால் வருவதுதானே? ஆமாம். எட்டை அடிமானமாக வைத்தால் 7க்கு இந்தக் குணம் போய்விடும். ஆனால் 5க்கு வந்துவிடும்: அங்கே 1/5இன் சுற்று 1463. அந்த முறையில் அதை இரண்டால் பெருக்கினால் 3146. ஆள் மாறுகிறார், ஆட்டம் மாறவில்லை. எனவே இலக்கங்களைப் பற்றிய தகவல் என்பதாலேயே ஒன்றை ஒதுக்கிவிட முடியாது என்பது என் கட்சி.

153, 142857 ஆகிய இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது 6174. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேக்கர் 1949இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது நான்கு இலக்க எண்ணை எடுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். விடையை வைத்து மறுபடி அதையே செய்யுங்கள். 3524 என்றால் 5432 − 2345 = 3087; 8730 − 0378 = 8352; 8532 − 2358 = 6174. அதற்குப் பிறகு 7641 − 1467 = 6174 என்று அங்கேயே நின்றுவிடும். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு அடி.

எங்காவது ஒரு சுழலில் போய் விழும் என்பதில் வியப்பில்லை, நான்கு இலக்க எண்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எல்லாமே ஒரே இடத்தில் விழுவதுதான் வியப்பு. இதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் பாதிதான். பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 999ஆல் பெருக்கி, நடு இரண்டின் வித்தியாசத்தை 90ஆல் பெருக்கிக் கூட்டினால், அதுதான் கழித்தலின் விடை. ஆகவே முதல் அடி முடிந்ததும் மிஞ்சுவது வெறும் 54 விடைகள். ஒரு ஞாயிறு மதியம் 54ஐயும் கையாலேயே போட்டுப் பார்த்திருக்கிறேன், எல்லாம் 6174இல்தான் வந்து சேர்கின்றன. மூன்று இலக்கத்துக்கு 495 இருக்கிறது. இரண்டு இலக்கத்தில் அப்படி ஒரு புள்ளி இல்லை. 9, 81, 63, 27, 45, மறுபடி 9 என்று சுற்றும். ஐந்து இலக்கத்திலும் சுழல்கள்தான்.

எழுதும் முறையைச் சாராத விந்தைகள் வேறு ரகம். ஒரு வர்க்க எண்ணுக்கும் ஒரு கன எண்ணுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட ஒரே எண் 26 (25, 27). பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அடுக்கு எண்கள் (வர்க்கம், கனம் போல ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கிப் பெறுபவை) 8உம் 9உம் மட்டும்தான்; 1844இல் கத்தலான் சொன்ன இந்த ஊகத்தை 2002இல்தான் மிஹைலெஸ்கு நிரூபித்தார். 1729 எல்லோருக்கும் தெரியும்: இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண், 1 + 1728, 729 + 1000. மருத்துவமனையில் தன்னைப் பார்க்க வந்த ஹார்டியிடம் ராமானுஜன் அதைச் சட்டென்று சொன்னார் என்ற கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. இரண்டு கனங்களைக் கூட்டி இன்னொரு கனத்தைப் பெறவே முடியாது. ஒன்றே ஒன்று வித்தியாசத்தில் அது தவறிப்போகும் இடங்களை ராமானுஜன் முறைப்படி தேடி எழுதிவைத்திருந்தார். 9³ + 10³ = 12³ + 1 அதில் ஒன்று. 135³ + 138³ = 172³ − 1 இன்னொன்று. 1729 அவருக்கு அப்படித்தான் பழக்கமான எண்.

நட்பு எண்களையும் சொல்லாமல் விட மனமில்லை. 220இன் வகுத்திகளை (அதை விட்டுவிட்டு) கூட்டினால் 284. 284இன் வகுத்திகளைக் கூட்டினால் 220. பழங்காலத்திலிருந்தே தெரிந்த ஜோடி. ஃபெர்மா 17296, 18416 என்ற ஜோடியைத் தந்தார், தெகார்த் அதைவிடப் பெரிய ஒன்றைத் தந்தார், ஆய்லர் பல பத்து ஜோடிகளைக் குவித்தார். இவர்கள் எல்லோரும் கைநழுவவிட்ட ஒரு ஜோடி மிக அருகிலேயே இருந்தது: 1184, 1210. அதை 1866இல் கண்டுபிடித்தது நிக்கோலோ பகனீனி என்ற பதினாறு வயதுப் பையன். (வயலின் மேதையின் பெயரேதான், ஆள் வேறு.) பெரியவர்கள் சூத்திரங்கள் வழியாகத் தேடினார்கள், இந்த ஜோடி அந்தச் சூத்திரங்களுக்குள் வருவதில்லை.

கடைசியாக, காரணம் உண்டா என்று இன்னும் யாருக்கும் தெரியாத ஒன்று. ஓர் எண்ணைத் திருப்பிப்போட்டுக் கூட்டுங்கள், விடையையும் திருப்பிப்போட்டுக் கூட்டுங்கள். 87 + 78 = 165; 165 + 561 = 726; 726 + 627 = 1353; 1353 + 3531 = 4884. எப்படி வாசித்தாலும் ஒன்றாக வரும் எண் கிடைத்துவிட்டது. 89க்கு 24 அடி ஆகும், முடிவில் 8813200023188 வரும். 196இல் தொடங்கினால்? கணினிகள் கோடிக்கணக்கான இலக்கங்கள் நீளத்துக்குப் போயும் அப்படி ஒரு விடை வரவில்லை. வரவே வராது என்றும் யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

ஆனால் 0, 1 மட்டும் கொண்ட இரும முறையில் இதற்கு நிரூபணம் இருக்கிறது. 10110இல் தொடங்குங்கள். நான்கு அடி போனால் 10110100. இன்னும் நான்கு அடியில் 1011101000. நடுவில் ஒரு 1உம் கடைசியில் ஒரு 0உம் கூடியிருக்கின்றன, மற்றபடி அதே வடிவம். ஒவ்வொரு நான்கு அடிக்கும் இதேதான் நடக்கும் என்று காட்டிவிடலாம், இடையில் வருபவையும் இரு பக்கமும் ஒன்றாக வாசிக்க வராது. 196க்கு அப்படி ஒரு வடிவம் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை.