நாலாவது கவர்

அன்புள்ள அம்மா,

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 31. கூட வேலை செய்கிற ஒருவரை எனக்குப் பிடித்திருக்கிறது, அவருக்கும் என்னை. அவர் மனைவியைப் பிரிந்து மூன்று வருஷமாகிறது, கேஸ் நடக்கிறது என்கிறார். எட்டு வயது மகள் குடியாத்தத்தில் அம்மாவோடு இருக்கிறாள். மாமனாருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், அதில் ஒரு தடவை இவர்தான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவருகிறார். ஞாயிறு முழுக்கக் குடியாத்தம். கிளம்பும்போது ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்தனுப்புவேன். போன மாதம் இருவரும் வள்ளிமலைக்குப் போனோம். "வள்ளி இவ்வளவு யோசித்தாளா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழகலாமா, விட்டுவிடலாமா? ஊர் வேறு பேசுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஊர் பேசும், விடு.

வள்ளிமலை என்று பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கதையோடு எனக்குப் பல வருஷச் சண்டை. முதலில் அந்த மனுஷனிடம் சொல்: வள்ளி யோசித்தாள். பரண்மேல் கவண் வைத்துக்கொண்டு நின்றவள், வந்தவனையெல்லாம் நம்பவில்லை. முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்று விக்கலெடுத்தான், கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்துப் பயங்காட்டினான். இத்தனைக்கும் அதற்கு முன்பே தெய்வயானையோடு கல்யாணம் ஆகிவிட்டது. என் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் கேட்பேன், இத்தனை வேஷம் போட்டவன் "எனக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்" என்று ஒரு வார்த்தை சொன்னானா பாட்டி? போன பிறவியில் இருவரும் திருமாலின் மகள்கள், அக்கா தங்கை, என்று பாட்டி புராணத்தை எடுத்து நீட்டுவாள். அது கேட்கிற நமக்குச் சமாதானம். தினைப்புனத்தில் கிளி விரட்டியவளுக்கு என்ன சமாதானம்?

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கல்யாணம் முடிந்து தணிகையில் இருந்துவிட்டு வள்ளியைத் தெய்வயானை இருந்த இடத்துக்கே அழைத்துக்கொண்டு போனான். அதற்காக அவனுக்கு மார்க் போடலாம். நான் பார்த்த ஒருத்தர் அதைச் செய்யவில்லை.

அப்போது வட ஆற்காடு இன்னும் பிரியவில்லை, திருவண்ணாமலை வரைக்கும் ஒரே மாவட்டம். எனக்கு 24 வயது, டைப்பிஸ்ட். அவர் அதே ஆபீஸில் கிளார்க். அண்ணன் இறந்துவிட்டார், அண்ணி, இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக அம்மா. சம்பளத்தன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் மூடிமேல் நோட்டை எண்ணி, நாலு பழுப்புக் கவரில் போடுவார். ஒன்றில் "அண்ணி", ஒன்றில் "பீஸ்", ஒன்றில் "அம்மா மருந்து". நாலாவதில் எதுவும் எழுதியிருக்காது, இருப்பதிலேயே மெலிசு அதுதான். அன்றைய டீக்காசு அதிலிருந்து வரும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கவர்களைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் ஆசையே வந்தது. இந்தக் காலத்தில் எவன் இப்படி இருக்கிறான் என்று. என் சிநேகிதி கிண்டல் செய்வாள். வேலூர்க் கோட்டைக்குள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் ரொம்பக் காலம் மூலவர் இல்லாமல் கிடந்து 1981-ல்தானே லிங்கம் உள்ளே வந்தது, அதுவரை சத்துவாச்சாரியில் இருந்தது. "உன் ஆளும் அப்படித்தான், கோபுரம் இங்கே, மூலவர் வேற இடத்துல" என்பாள். நான் சிரித்துக்கொள்வேன். லிங்கம் வராமலா போய்விடும் என்று ஒரு தெம்பு.

1987 காணும் பொங்கல். வேலூர்க்காரிக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோட்டையில் கால்வைக்க இடமிருக்காது. அகழி ஓரமாக எதிரில் வருகிறார்கள், அவர், அண்ணி, இரண்டு பிள்ளைகள், சின்னதின் கையில் உருகி ஒழுகுகிற குச்சி ஐஸ். நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்து குழந்தையின் செருப்பு வாரை மாட்ட ஆரம்பித்தார். வார் ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது. அதைக் கழற்றி, மறுபடி மாட்டினார். நான் தாண்டிப் போகிற வரைக்கும் நிமிரவில்லை. அண்ணி என்னைப் பார்த்து, யாரோ என்று நினைத்துச் சற்று ஒதுங்கி வழிவிட்டாள். அந்த அண்ணிமேல் எனக்கு இன்றுவரை ஒரு கோபமும் கிடையாது, பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

மறுநாள் ஆபீஸில், "நீங்க எதுவும் தப்பா நினைச்சுக்காதீங்க, வீட்ல சூழ்நிலை அப்படி" என்றார். நான் தப்பாகத்தான் நினைத்தேன்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். பிரிந்துபோன மனைவியின் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவனைக் குறையாக எழுதியிருக்கிறாயே, வெட்கமாக இல்லை? அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு மணி நேரம் உட்கார்ந்து பார், சொந்தப் பிள்ளைகளே எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போகாமல் உன்னோடு சினிமாவுக்கு வந்தால்தான் நீ பயப்பட வேண்டும். உன்னை நோகடிப்பது இதெல்லாம் இல்லை என்று எனக்கும் தெரிகிறது, கண்ணு. எதைச் சொல்வது என்று தெரியாமல் இதை எழுதிவிட்டாய்.

"கேஸ் நடக்கிறது" என்பதை மட்டும் அப்படியே விழுங்காதே. கணக்கு எழுதுகிறவள்தானே நீ? கேஸ் நம்பர் என்ன, போட்டது யார், அடுத்த வாய்தா எப்போது என்று கேள். இருவரும் சம்மதித்துப் போட்ட மனு என்றால், ஒரு வருஷம் பிரிந்திருந்த பிறகு போடலாம், அப்புறம் ஆறு மாதம் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தையும் தேவைப்பட்டால் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. பிரிந்து மூன்று வருஷமாகியும் முடியவில்லை என்றால் யாரோ ஒருவருக்குச் சம்மதமில்லை, அது யார் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஒருவேளை மனுவே போடாமலும் இருக்கலாம். தீர்ப்பு வராமல் கோயிலில் தாலி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு, 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் அந்தத் தாலி செல்லாது.

வருகிற ஞாயிறு அவர் கிளம்பும்போது, நானும் வரட்டுமா என்று கேள். போக வேண்டும் என்று இல்லை. உன்னை உடனே குழந்தையின் முன் நிறுத்தாமல் இருப்பதற்கு நல்ல காரணம் இருக்கலாம், அவர் அதைச் சொன்னால் நியாயமாகக் கேட்டுக்கொள். ஆனால் கேட்டதும் முகத்தைப் பார்க்கிறாரா, குனிந்து செருப்பு வாரைத் தேடுகிறாரா என்று கவனி.

வாராவாரம் மக்கன் பேடா கொடுத்தனுப்புகிறாயே, அது யார் வாங்கித் தந்தது என்று அந்தக் குழந்தையிடம் சொல்லியிருக்கிறாரா?