அரிப்புக்கு டயட் சார்ட்டா? முதல்ல சுகர் பாத்தீங்களா?

டாக்டர்கிட்ட கேளுங்க

எனக்கு 38 வயசு. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை. ஒரு வருஷத்துல நாலு தடவை தயிர் மாதிரி வெள்ளைப்பட்டு அரிப்பு. மெடிக்கல்ல கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டா போயிடும், ரெண்டு மாசத்துல திரும்பி வந்துடும். யூடியூப்ல ஒருத்தர் 'உடம்பு பூரா ஈஸ்ட் பரவிடுச்சு, காலைல எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணில எச்சில் துப்பிப் பாருங்க, நூல் மாதிரி இறங்குனா அது ஈஸ்ட்டு'ன்னு சொன்னார். துப்பிப் பாத்தேன், இறங்குது! அவர் சொன்னபடி சோறு, பழம், தயிர், இட்லி எல்லாத்தையும் விட்டு மூணு மாசம் ஆச்சு. பவுடருக்கு மட்டும் 9,000 ரூபா. ஆறு கிலோ இளைச்சுட்டேன், அரிப்பு மட்டும் போகல. முழு உடம்புக்கும் சேத்து என்ன பண்ணணும்? - பெயர் வேண்டாம், திருப்பூர்

அந்த எச்சில் டெஸ்ட்டை உங்க லெட்டர் பாத்துட்டு நானும் பண்ணேன்மா. எனக்கும் நூல் இறங்குச்சு, எங்க வீட்டுக்காரருக்கும் இறங்குச்சு. எச்சில்ல கொழகொழன்னு ஒரு புரதம் இருக்கு, தண்ணில விட்டா அது அப்படித்தான் நூலா இறங்கும், அதுக்கும் ஈஸ்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

கேண்டிடாங்கிற இந்த ஈஸ்ட் நம்மள்ல நிறைய பேருக்கு வாய்லயும் குடல்லயும் பிறப்புறுப்புலயும் சும்மா குடியிருக்கிற ஒண்ணு, அதை மொத்தமா துடைச்சு எறியவும் முடியாது, எறியவும் வேண்டாம். நாலு பொம்பளைங்கள்ல மூணு பேருக்கு ஆயுசுல ஒரு தடவையாவது இந்த அரிப்பு வரும். நிஜமாவே ரத்தத்துல ஈஸ்ட் கலந்துடுச்சுன்னா ஆளு ஐசியூல படுத்திருப்பாங்க, செக்கிங் டேபிள்ல நின்னு பீஸ் பாத்துட்டு இருக்க முடியாது. 'அசதி, தலைவலி, மனசு சரியில்ல, எல்லாத்துக்கும் ஈஸ்ட்தான் காரணம்'ங்கிற பேச்சு அமெரிக்காவுல 80கள்ல ரொம்ப பிரபலம். சரி பாத்துடலாம்னு அங்க 42 பெண்களை வச்சு ஈஸ்ட்டைக் கொல்ற நிஸ்டாட்டின் மருந்தையும் வெறும் மாவு மாத்திரையையும் மாத்தி மாத்தி குடுத்து 1990ல முடிவை வெளியிட்டாங்க. மருந்து குடுத்தப்போ பிறப்புறுப்பு அரிப்பு நல்லா குறைஞ்சுது, ஆனா அந்த அசதி தலைவலியெல்லாம் மாவு மாத்திரைல எவ்வளவு குறைஞ்சுதோ மருந்துலயும் அவ்வளவுதான். நாப்பது வருஷத்துப் பழைய சரக்கு இப்போ 9,000 ரூபாய்க்கு பவுடரா உங்க வீட்டுக்கு வந்திருக்கு.

முழு உடம்பையும் பாக்கணும்னு நீங்க கேக்கறது ரொம்ப சரியான கேள்வி, பாக்கற இடம்தான் தப்பு. உங்க லெட்டர்ல என்னை உறுத்துனது அந்த ஆறு கிலோதான். சாப்பாட்டை குறைச்சதால இளைச்சிருக்கலாம், ஆனா திரும்பத் திரும்ப வெள்ளைப்பட்டு அரிப்பு வர்ற ஒருத்தர் எடையும் குறையறாங்கன்னா நான் முதல்ல பாக்கறது சுகர். இன்னைக்கு வரைக்கும் ஒரு சுகர் டெஸ்ட்டாவது எடுத்தீங்களான்னு எழுதவே இல்லையே நீங்க? நாளைக்கே வெறும் வயித்துல ஒண்ணு, கூடவே ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி, ரெண்டும் எடுத்துடுங்க. ரத்தத்துல சர்க்கரை கூடினா அந்த இடத்துலயும் கூடும், ஈஸ்ட்டுக்கு அது கல்யாண விருந்து.

அடுத்தது, இது ஈஸ்ட்டுதானான்னு ஒரு தடவையாவது யாராவது பாத்தாங்களா. வெள்ளைப்பட்டா எல்லாம் ஈஸ்ட் இல்ல. மீன் வாடை வந்தா அது பாக்டீரியா பிரச்சனை, பச்சை மஞ்சளா நுரைச்சு வந்தா ட்ரைக்கோமோனாஸ்ங்கிற ஒட்டுண்ணியா இருக்கலாம், அதுக்கு வீட்டுக்காரரும் சேந்து மருந்து எடுக்கணும். ரெண்டுக்கும் மருந்தே வேற, மெடிக்கல் ஷாப் மாத்திரை கேக்காது. (அரிப்பு, வாடை இல்லாம மாசத்துல சில நாள் வழவழன்னு படறது இயற்கை. எலும்பு உருகி வெளிய வருதுன்னு பாட்டி சொன்னதை நம்பி எத்தனை பொண்ணுங்க பயந்து போய் வர்றாங்க தெரியுமா.) ஒரு லேடி டாக்டர்கிட்ட போய் ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சில தொட்டு சாம்பிள் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, ஒரு நிமிஷ வேலை, வலிக்காது.

ஈஸ்ட்டுதான்னு உறுதியானா, வருஷத்துக்கு மூணு நாலு தடவை வர்றவங்களுக்கு ஒத்தை மாத்திரை பத்தாது, அதனாலதான் உங்களுக்கு திரும்பி வருது. ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம், மூணு நாளைக்கு ஒண்ணா மூணு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆறு மாசம் குடுப்பாங்க. டாக்டர் எழுதித்தான் எடுக்கணும், கர்ப்பமா இருக்கலாம்னு ஒரு சந்தேகம் இருந்தாக்கூட முதல்லயே சொல்லிடுங்க, அப்போ உள்ள வைக்கிற க்ளோட்ரிமசோல் மாத்திரைதான் குடுப்பாங்க. வீட்டுக்காரருக்கு அரிப்பு இல்லைன்னா அவருக்கு மருந்து தேவையில்ல.

வாழ்க்கை முறைன்னு சொன்னா, சளிக்கும் காய்ச்சலுக்கும் எத்தனை தடவை ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அது உள்ள காவலுக்கு இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் சேத்துக் கொல்லுது, காவல் போனா ஈஸ்ட் ராஜ்ஜியம்தான். உள்ள சோப்பு, டெட்டால், விளம்பரத்துல வர்ற வாஷ் எதுவும் போடக்கூடாது, வெளிய வெறும் தண்ணி போதும். பத்து மணி நேரம் நைலான் ஜட்டி, மேல லெக்கின்ஸ், வேர்வை, பாத்ரூம் போனா நேரம் ஆகும்னு தண்ணியே குடிக்காம இருக்கறது, இதெல்லாம் உங்க கம்பெனில சாதாரணம்னு தெரியும். ஊருக்கே காட்டன் தைக்கிற ஊர்ல இருந்துட்டு நைலான் போடாதீங்கம்மா. துணியை கதவுக்குப் பின்னாடி நிழல்ல மறைச்சு காயப்போடாம வெயில்ல போடுங்க.

சோறு, பழம், தயிர் எல்லாம் இன்னைக்கே ஆரம்பிக்கலாம், சுகர் ரிசல்ட் வர்ற வரைக்கும் ஸ்வீட்டும் ஜூஸும் மட்டும் வேண்டாம். தயிர் சாப்பிட்டா இது சரியாகும்னு உறுதியா சொல்ல ஆதாரம் பத்தல, ஆனா சாப்பாடா அது நல்லது. சாப்பிடுங்க, உள்ள வைக்காதீங்க. பூண்டு வைக்கவே வைக்காதீங்க, தோல் வெந்து புண்ணாயிடும்.

வயசு 61, ரிட்டையர்டு வாத்தியார், 12 வருஷமா சுகர். நாலு மாசம் முன்னாடி ஒரு புது மாத்திரை சேத்தாங்க, சுகர் நல்லா குறைஞ்சிருக்கு. ஆனா ஆணுறுப்பு நுனில அரிப்பு, முன்தோல் வெடிச்சு வெள்ளையா படியுது, பின்னாடி தள்ள முடியல. மகன் வயசு டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருக்கு. - காரைக்குடி வாசகர்

ஐயா, அந்த டாக்டர் இதை வாரத்துக்கு நாலு பேர்கிட்ட பாப்பார், நீங்கதான் கூச்சப்படறீங்க. மாத்திரை அட்டைல பேரைப் பாருங்க, டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்னு 'ஃப்ளோசின்'ல முடியுதா? அது ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை சிறுநீர் வழியா வெளிய தள்ற மாத்திரை. இதயத்துக்கும் கிட்னிக்கும் ரொம்ப நல்ல மருந்து, ஆனா இனிப்பான சிறுநீர் ஒரு சொட்டு தோலுக்கு அடியில தங்குனா போதும், ஈஸ்ட் வந்துடும். நீங்களா நிறுத்தாதீங்க. ஒவ்வொரு தடவை சிறுநீர் போனதும் தண்ணி விட்டு கழுவி நல்லா துடைச்சு ஈரம் இல்லாம வச்சுக்கோங்க, க்ரீம் டாக்டர் குடுப்பார், இதுலயும் அடங்கலைன்னா மாத்திரையை மாத்தறதா, முன்தோலை எடுக்கறதான்னு அவர் முடிவு பண்ணட்டும். க்ளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரையும் போடறவரா இருந்தா ஃப்ளுகோனசோலை கடைல நீங்களா வாங்காதீங்க, ரெண்டும் சேந்தா சுகர் படார்னு இறங்கிடும். அந்தப் பக்கம் கடுமையான வலி, வீக்கம், கூடவே காய்ச்சல் வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

இன்னொண்ணு, கடைல படர்தாமரைக்கு குடுக்கிற 'எல்லாம் கலந்த' ட்யூப் வேண்டவே வேண்டாம். அதுல ஸ்டீராய்டு இருக்கும், ரெண்டு நாள் சொகமா இருக்கும், மூணாவது வாரம் பத்து மடங்கா வரும்.

என் மாமியார் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கறாங்க. நாக்குலயும் அண்ணத்துலயும் வெள்ளைத் திட்டு, காரம் பட்டா எரியுதுன்றாங்க. வயித்துல சூடான்னு கேக்கறாங்க. - மன்னார்குடி

சூடு இல்லம்மா, இன்ஹேலர்ல இருக்கிற ஸ்டீராய்டு வாய்லயே படிஞ்சு ஈஸ்ட் வளருது. எடுத்ததும் தண்ணி ஊத்தி கொப்பளிச்சு துப்பச் சொல்லுங்க, இன்ஹேலர்ல மாட்டற ஸ்பேசர்ங்கிற குழாய் வாங்கிக் குடுங்க, இன்ஹேலரை மட்டும் நிறுத்திடாதீங்க. பல்செட் இருந்தா ராத்திரி கழட்டி வைக்கணும். இப்போ இருக்கிற திட்டுக்கு வாய்ல தடவற மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட காட்டி வாங்கிக்கோங்க.

இட்லி மாவு புளிக்கறதே ஈஸ்ட்டாலதானே, அப்போ அரிப்பு இருக்கறவங்க இட்லி சாப்பிடலாமா? - சேலம்

தாராளமா. மாவை பொங்க வைக்கறது பெரும்பாலும் லாக்டிக் அமிலம் சுரக்கிற பாக்டீரியா, கொஞ்சம் ஈஸ்ட் இருந்தாலும் ஆவில வெந்து போயிடும். சுகர் இருக்கறவங்க மட்டும் நாலு இட்லியை ரெண்டாக்கி, சாம்பார்ல பருப்பையும் காயையும் கூட்டிக்கோங்க.