ஓநாய், ஆமை, வான்கோழி: லெனாபே கேள்வி-பதில்

அமெரிக்காவின் டெலவர் ஆற்றங்கரைப் பூர்வகுடிகளான லெனாபே மக்களைப் பற்றிப் போன மாதம் எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மகிழ்ச்சி. ஆனால் பாதிக் கடிதங்களில் எந்த ஊர், எந்தக் காலம் என்ற பேச்சே இல்லை. 1600-இல் ஹட்சன் கழிமுகத்தில் மீன் பிடித்தவரும் 1900-இல் ஒக்லஹோமாவில் மாடு மேய்த்தவரும் லெனாபேதான். இருவருக்கும் ஒரே பதிலைக் கேட்டால் நான் என்ன செய்வேன்? ஊரும் காலமும் போட்டுக் கேளுங்கள்.

லெனாபே, டெலவர், மன்சி மூன்றும் ஒன்றா? (சேலம்)

டெலவர் என்பது லெனாபேக்கு வெள்ளைக்காரர் ஒட்டிய பெயர். வர்ஜீனியா ஆளுநராக இருந்த தெ லா வார் பிரபுவின் பெயரை விரிகுடாவுக்கு வைத்தார்கள். அது ஆற்றுக்குப் போய், பிறகு கரையில் இருந்த மனிதர்கள் மேலும் ஏறிக்கொண்டது. மன்சி வடக்கத்தியாரின் மொழி, உனாமி தெற்கத்தியாரின் மொழி. உச்சரிக்கும்போது நடுவில் அழுத்துங்கள்: லெ-னா-பே.

இணைத்துள்ள படத்தில் இருப்பது லெனாபே கூடாரம்தானே? (திருப்பூர்)

இல்லை. அது மேற்கே சமவெளியில் எருமை வேட்டையாடியவர்களின் டீப்பி. தலையில் இறகு மகுடத்தோடு நிற்பவரும் அங்கத்தியர்தான். லெனாபே ஆண்கள் பெரும்பாலும் தலைமுடியைப் பிடுங்கி உச்சியில் மட்டும் ஒரு குடுமி விட்டார்கள்.

வீடு எப்படி இருந்தது என்றால், 1679-இல் இன்றைய புரூக்ளின் கரையில் யாஸ்பர் டாங்கர்ட்ஸ் என்ற டச்சுக்காரர் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 60 அடி நீளம், 15 அடி அகலம். நட்ட கம்புகளுக்கு மேல் நாணலும் செஸ்ட்நட் மரப்பட்டையும். கூரை முகட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அரை அடிக்குத் திறப்பு, புகை போக. இரண்டு கோடியிலும் வாசல், குனிந்து உடலைக் குறுக்கித்தான் நுழைய வேண்டும். சுண்ணாம்பு, கல், இரும்பு எதுவும் கிடையாது. உள்ளே ஏழெட்டுக் குடும்பம், இருபது பேர் சொச்சம். குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, தரையில், நடுவில். இதுதான் லெனாபே வீடு. படத்தை மாற்றுங்கள்.

பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் குடி முறை போலத்தானே? (மட்டக்களப்பு)

உங்களுக்கு நான் விளக்க வேண்டிய தேவையே இல்லை. ஓநாய், ஆமை, வான்கோழி என்று மூன்று குலம். தாய் எதுவோ பிள்ளை அது. சொந்தக் குலத்துக்குள் மணமுடிப்பதில்லை. தலைவர் இறந்தால் அவர் மகன் தலைவராக மாட்டான், அவன் வேறு குலம் அல்லவா? தலைவரின் தம்பிக்கோ சகோதரியின் மகனுக்கோ போகும். வயலும் விளைச்சலும் பெண்கள் கையில். ஆனால் மற்ற வாசகர்களுக்கு ஒன்று: தாய்வழி என்றதும் பெண்ணாட்சி என்று எழுதிவிடாதீர்கள். தலைவர்களாகப் பதிவாகியிருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்களே.

மன்ஹாட்டனை 24 டாலர் பாசிமணிக்கு விற்ற ஏமாளிகள்தானே இவர்கள்? அந்தப் பணத்துக்குக் கூட்டு வட்டி போட்டால் இன்று எவ்வளவு? (சென்னை)

வட்டிக் கணக்கை வங்கியில் கேளுங்கள். நமக்குக் கிடைத்திருப்பது 1626 நவம்பர் 5 தேதியிட்ட ஒரு டச்சு அதிகாரியின் கடிதம். தீவை 60 கில்டர் மதிப்புக்கு வாங்கியதாக அதில் ஒரு வரி. பாசிமணி என்ற சொல்லே அதில் இல்லை. விற்பனைப் பத்திரமும் கிடைக்கவில்லை. 24 டாலர் என்பது 19-ஆம் நூற்றாண்டில் யாரோ போட்ட நாணய மாற்று. நிலத்தில் வேட்டையாட, பயிரிட, தங்க உரிமை தரலாம்; நிலத்தையே கைமாற்றி விட்டுக் கிளம்புவது லெனாபே வழக்கில் இல்லை. ஏமாளி யார் என்று தீர்ப்புச் சொல்லும் முன் இதை யோசியுங்கள்.

பயணத்தில் என்ன சாப்பிட்டார்கள்? (கோவை)

நல்ல கேள்வி. 1700-களின் பின்பாதியில் ஒஹாயோ பக்கம் லெனாபேயோடு வாழ்ந்த ஹெக்கவெல்டர் என்ற மொரேவியப் போதகர் விவரம் தருகிறார். மக்காச்சோளத்தைச் சுடுசாம்பலில் வெடிக்கும் வரை வறுத்து, சலித்து, மர உரலில் போட்டு மாவாக இடிப்பார்கள். பெயர் டஸ்மனானே. வசதி இருந்தால் கொஞ்சம் சர்க்கரையும் சேரும். நடக்கிறவர் ஒரு கரண்டி மாவை வாயில் போட்டுக்கொண்டு ஓடையில் குனிந்து தண்ணீர் குடிப்பார், அவ்வளவுதான் சாப்பாடு. ருசிக்கிறதே என்று இரண்டு கை அள்ளினால் வயிற்றில் ஊதிப் படுத்தும் என்று அவரே எச்சரிக்கிறார். நம் சத்துமாவு போலத்தான், ஆனால் காய்ச்சத் தேவையில்லை.

லெனாபே மொழிக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டா? (பெயரில்லை, ஊரில்லை)

இல்லை.

லெனாபேயின் புனித நூலான 'வாலம் ஓலும்' பற்றி ஏன் மூச்சே விடவில்லை? ஆசியாவிலிருந்து பனிமேல் நடந்து வந்த வரலாற்றை அவர்களே சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்களே? (மதுரை)

வந்தது இந்தக் கேள்வி. ஒவ்வொரு முறையும் வருகிறது. அன்பரே, அது போலி.

கொன்ஸ்டன்டைன் ரஃபினஸ்க் என்ற இயற்கையியல் அறிஞர் 1836-இல் வெளியிட்டது அது. இண்டியானாவில் ஒரு மருத்துவர் சிவப்புச் சித்திரம் தீட்டிய மரத்துண்டுகளைத் தமக்குக் கொடுத்ததாகவும், பாடல்கள் பிறகு தனியே வந்து சேர்ந்ததாகவும் சொன்னார். சித்திரங்கள் 180 சொச்சம். மூல மரத்துண்டு எங்கே என்றால், தொலைந்துவிட்டது. அவரைத் தவிர எவரும் கண்ணால் பார்த்ததில்லை. இந்த ஒன்றே போதும் சந்தேகப்பட. போதவில்லை! 1885-இல் பிரின்டன் என்ற பெரிய அறிஞர் புதிதாக மொழிபெயர்த்தார். 1954-இல் இண்டியானா வரலாற்றுச் சங்கம் ஆடம்பரப் பதிப்பே போட்டது.

1994-இல் டேவிட் ஓய்ஸ்ட்ரைக்கர் என்ற ஆய்வாளர் ரஃபினஸ்கின் கையெழுத்துப் படியை எடுத்து வைத்து உட்கார்ந்தார். லெனாபே வரிகளில் சொல்லுக்குச் சொல் அடித்தல் திருத்தல். எதிரே ஆங்கிலம் மட்டும் அசையாமல் நிற்கிறது. மூலம் எது, மொழிபெயர்ப்பு எது என்று இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? ஆங்கிலத்தில் கதை கட்டி, போதகர்கள் அச்சிட்ட லெனாபே சொற்பட்டியல்களிலிருந்து பொறுக்கிக் கோத்திருக்கிறார். சித்திரங்களுக்கு எகிப்து, சீனம், மாயா எல்லாம் கடன். லெனாபே பேசத் தெரிந்த முதியவர்களிடம் காட்டினால் அவர்களுக்கே பல இடங்கள் புரியவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், மாணவனாக இருந்தபோது என் முதல் கருத்தரங்கக் கட்டுரையில் இதிலிருந்து அரைப் பக்கம் மேற்கோள் காட்டியவன் நான். கைதட்டல்கூட வாங்கினேன். அந்தத் தாளை இன்றும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நோரா தாம்சன் டீன் (1907–1984) போன்ற உனாமி பேசிய பெரியவர்கள் கதை, பாட்டு, சமையல், மருந்து என்று மணிக்கணக்கில் ஒலிநாடாவில் பேசி வைத்துப் போயிருக்கிறார்கள். அவர்கள் குரலை இணையத்திலுள்ள லெனாபே பேசும் அகராதியில் இன்று இரவே கேட்கலாம். அதை விட்டுவிட்டு, இல்லாத மரத்துண்டைத் தேடி ஓடுகிறோம். ஊரும் காலமும் கேளுங்கள் என்று நான் தலையில் அடித்துக்கொள்வதில் மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யார் வாயிலிருந்து வந்தது?

கனவு வலை மாட்டியிருக்கிறேன். அது லெனாபே வழக்கமா? (பெங்களூரு)

இல்லை, ஓஜிப்வே மக்களுடையது. பெரிய ஏரிகள் பக்கம்.

தக்காளிப் பாத்தி வெட்டும்போது கல் அம்புமுனை கிடைத்தது. 400 வருடம் பழையதாக இருக்குமா? (எடிசன், நியூ ஜெர்சி)

படத்தில் இரண்டரை அங்குலம் இருக்கும் போலத் தெரிகிறது. அப்படியானால் அது பெரும்பாலும் அம்பு அல்ல, ஈட்டியின் முனையாக இருக்கலாம். வயது சில ஆயிரம் ஆண்டுகள் இருக்கலாம். அந்தப் பக்கம் வில் வந்து ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுதான். தேய்த்துக் கழுவாதீர்கள். எந்த இடம், எத்தனை ஆழம் என்று குறித்து, ட்ரென்டனிலுள்ள மாநில அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள். மேலும் தோண்டாதீர்கள். உங்கள் பக்கத்து ஆறுகளான ராரிட்டன், பசாயிக், ஹேக்கன்சேக் எல்லாம் லெனாபே பெயர்களே. மன்ஹாட்டனும் அப்படித்தான், வில் செய்ய மரம் எடுக்கும் இடம் என்று மன்சி மொழியில் பொருள் சொல்கிறார்கள்.

பெருவீட்டுச் சடங்கை நேரில் பார்க்க முடியுமா? முகமூடி எங்கே வாங்கலாம்? (சிங்கப்பூர்)

முடியாது. இலையுதிர் காலத்தில் 12 இரவு நடந்த சடங்கு அது. தூண்களில் செதுக்கிய முகங்கள், வலப்பாதி சிவப்பு, இடப்பாதி கறுப்பு. வான்கோழி இறகால் தரை பெருக்கி, ஆமையோட்டுக் கிலுக்கை கையில் பிடித்து, இளமையில் தமக்குக் கிடைத்த தரிசனத்தை ஒவ்வொருவராகப் பாடுவார்கள். முழுதாகக் கடைசியாக நடந்தது 1924-இல், ஒக்லஹோமாவில். முகமூடி வாங்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது அலங்காரப் பொருள் அல்ல, காட்டு விலங்குகளைக் காக்கும் மெசிங்கின் முகம்.

'அழிந்துபோன இனம்' என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். ஒக்லஹோமாவில் பார்ட்டில்ஸ்வில்லிலும் அனடார்க்கோவிலும் இரண்டு பழங்குடி அரசுகள், விஸ்கான்சினில் ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி, கனடாவின் ஒன்டாரியோவில் மூன்று சமூகங்கள். இறந்தகாலத்தில் எழுதாதீர்கள்.

குழந்தைகளுக்குச் சொல்லித்தர லெனாபே விளையாட்டு ஒன்று? (திருச்சி)

பாசாஹமன். வசந்தத்தில் தொடங்கி ஜூன் நடுவோடு நிறுத்திவிடுவார்கள். மான்தோலில் மான்முடி அடைத்த நீள்உருண்டைப் பந்து. ஆண்கள் ஓர் அணி, பெண்கள் ஓர் அணி. ஆண்கள் பந்தை உதைக்க மட்டுமே செய்யலாம். பெண்கள் உதைக்கலாம், எறியலாம், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், குறுக்கே வரும் ஆணை இழுத்துக் கீழே தள்ளலாம். அவன் திருப்பித் தள்ளக் கூடாது. வயதான ஒருவர் 12 குச்சி வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து புள்ளி எண்ணுவார். குச்சி தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது.