டிசம்பரில் விட்டதற்கு ஏப்ரலில் திட்டாதீர்கள்

கேள்வி: பதினோரு வருடமாக நான் இங்கிலாந்துக் கால்பந்து அணி ஆர்சனலின் ரசிகன். 2024 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். சாயங்காலம் லிவர்பூல் சொந்த மண்ணில் கிரிஸ்டல் பேலஸிடம் 0-1 என்று தோற்றதும் இன்னொரு டம்ளர் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். ஒன்பது மணிக்கு எங்கள் ஆட்டம். ஆஸ்டன் வில்லாவிடம், அதுவும் எங்கள் எமிரேட்ஸ் மைதானத்தில், 84-வது நிமிடம் ஒரு கோல், 87-ல் ஒரு கோல், 0-2. போன ஏப்ரலிலும் இதே கதைதான். அழுத்தம் வந்தாலே பாட்டில் பண்ணும் அணி இது. பயிற்சியாளர் அர்டேட்டாவை அனுப்ப வேண்டும். எங்கள் வீரர் சாகாவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதிவிட்டேன். ஜெர்ஸியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். லீக் கோப்பை மான்செஸ்டர் சிட்டிக்குத்தான் என்று ஆன பிறகு மீதி ஆறு ஆட்டத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வியாசர்பாடி

பதில்: வென்றிருந்தால் 74 புள்ளி, தனியாக முதலிடம். அரை மணி நேரம் முன்புதான் லிவர்பூல் வழிவிட்டிருந்தது. அந்த நேரத்தில் கடைசி ஆறு நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினால் யாருக்கும் தொண்டையில் சோறு இறங்காது. உங்கள் வருத்தத்தை நான் குறைத்துப் பேசவில்லை. உங்கள் தீர்ப்பைத்தான் ஏற்க முடியவில்லை.

‘பாட்டில்’ என்பது தைரியம் கெட்டவர்களைப் பார்த்து இங்கிலாந்து மைதானங்களில் வீசும் வசை. அது இந்த அணிக்குப் பொருந்துமா என்று கணக்கைப் பார்ப்போம். 2024 பிறந்த பிறகு ஆர்சனல் ஆடிய லீக் ஆட்டங்கள் 12. பத்தில் வெற்றி, ஒன்று டிரா, ஒன்று தோல்வி. அந்த ஒரே டிராவும் மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் வந்தது. வெஸ்ட் ஹாமை அதன் ஊருக்கே போய் 6-0, ஷெஃபீல்ட் யுனைடெட்டை 6-0, பர்ன்லியை 5-0, லிவர்பூலை 3-1. எடுக்கக்கூடிய 36 புள்ளியில் 31 எடுத்திருக்கிறார்கள். பயந்த கால்கள் இப்படி ஆடாது.

புள்ளிகள் போனது டிசம்பரில். 9-ம் தேதி இதே வில்லாவிடம் 0-1. 23-ம் தேதி லிவர்பூலுடன் 1-1. 28-ம் தேதி வெஸ்ட் ஹாமிடம் சொந்த மைதானத்தில் 0-2. அன்று 30 தடவை கோலை நோக்கி அடித்தும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. வெஸ்ட் ஹாமின் முதல் கோலுக்கு முன் பந்து களத்தின் கோட்டைத் தாண்டி வெளியே போனதா என்று வீடியோ நடுவராலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. 31-ம் தேதி ஃபுல்ஹாமிடம் 1-2. நடுவில் பிரைட்டனை மட்டும் வென்றார்கள். ஐந்து ஆட்டத்தில் 15 புள்ளிக்குக் கிடைத்தது 4. அன்றைக்கெல்லாம் நீங்கள் ஜெர்ஸியைக் கழற்றிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. இன்னும் நாள் இருக்கிறதே என்று போய்ப் படுத்திருப்பீர்கள்.

இப்போது சிட்டிக்கு 73, ஆர்சனலுக்கு 71, லிவர்பூலுக்கும் 71. ஃபுல்ஹாமில் ஐந்தாவது நிமிடத்திலேயே சாகா கோல் அடித்துக் கொடுத்தார். அந்த முன்னிலையைக் கடைசி வரை காப்பாற்றியிருந்தால், வில்லாவிடம் தோற்ற பிறகும் பட்டியலில் முதல் பெயர் உங்கள் அணியின் பெயர். நீங்கள் திட்டிவிட்டு வந்த அதே சாகாதான்.

போன வருடக் கதை வேறு, அதை மூடி மறைக்க மாட்டேன். 248 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டு இழந்தார்கள். லிவர்பூலுடன் 2-0 முன்னிலை, முடிவு 2-2. வெஸ்ட் ஹாமுடனும் 2-0 முன்னிலை, முடிவு 2-2. கடைசி இடத்தில் கிடந்த சவுத்தாம்ப்டனுடன் 3-3. பிறகு சிட்டியிடம் 1-4. இதெல்லாம் பதினெட்டு நாளுக்குள். அதைச் சரிவு என்று சொன்னால் தலையாட்டுவேன். மார்ச்சில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுடனான ஆட்டத்தில் சலீபாவுக்கு முதுகில் அடிபட்டது. அந்த சீசன் முடியும் வரை அவர் திரும்பவில்லை. அவர் இல்லாமல் பின்வரிசை நின்ற விதமும் நமக்கு நினைவிருக்கிறது. இந்த முறை அவர் ஒரு லீக் ஆட்டத்தைக்கூட விடவில்லை. 32 ஆட்டத்தில் வாங்கிய கோல் 26, லீக்கிலேயே மிகக் குறைவு. இரண்டு ஏப்ரலையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது இந்த அணிக்குச் செய்யும் அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமைத் தோல்விக்கு நான் சாக்கு சொல்லவும் மாட்டேன். பேயர்ன் மியூனிக்குடன் செவ்வாய்க்கிழமை ஆடிய களைப்பு என்கிறார்கள். வில்லா வியாழக்கிழமை லீலுடன் ஆடிவிட்டு வந்த அணி. அவர்களுக்கு ஓய்வு இன்னும் குறைவு. முதல் பாதியில் வாய்ப்பு வந்தது, கோலுக்குப் பக்கத்திலிருந்து நம் டுரோசார் அடித்ததை வில்லா கோல்கீப்பர் மார்டினெஸ் தடுத்தார். இடைவேளைக்குப் பிறகு வில்லா பயிற்சியாளர் உனாய் எமெரி ஆட்டத்தைத் தன் பக்கம் திருப்பினார், அர்டேட்டாவிடம் அதற்குப் பதில் இல்லை. வில்லாவின் டீலமான்ஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டபோதே ஆபத்து தெரிந்தது. அங்கே திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். அந்த எமெரி 2019 நவம்பரில் ஆர்சனல் நீக்கிய பயிற்சியாளர். மார்டினெஸ் 2020-ல் ஆர்சனல் விற்ற கோல்கீப்பர். அவசரப்பட்டு ஆளை அனுப்பினால் அவர் எந்தப் பக்கம் போய் நிற்பார் என்பதை அந்த 90 நிமிடமும் உங்கள் கண் முன்னால் காட்டியது. அர்டேட்டா வந்த பிறகு அணி முதலில் எட்டாவது, மறுபடி எட்டாவது, பிறகு ஐந்தாவது, போன வருடம் இரண்டாவது. இந்த வரிசையைப் பார்த்துவிட்டு அவரை அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் கோப்பை கிடைக்காமல் போகும். 2018-19-ல் லிவர்பூல் 97 புள்ளி எடுத்தது. சீசன் முழுக்க ஒரே ஒரு தோல்வி, ஜனவரி 3 அன்று சிட்டியிடம். அந்த ஆட்டத்தில் பந்து முழுசாகக் கோட்டைத் தாண்ட ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும்போது ஜான் ஸ்டோன்ஸ் அதை வெளியே உதைத்தார். லிவர்பூல் கடைசி ஒன்பது ஆட்டத்தையும் வென்றது. சிட்டி கடைசி பதினான்கையும் வென்று 98 எடுத்தது. அந்த லிவர்பூலைக் கோழை என்று சொல்ல வாய் வருமா? சில வாரத்தில் அதே வீரர்கள் சாம்பியன்ஸ் லீக் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். அடுத்த வருடம், முப்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு, லீக் கோப்பையும் வந்தது.

இனி சாகா விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே வருத்தப்படுத்தியது இதுதான். 2021 யூரோ இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் கடைசி பெனால்டியை அடிக்கப் போனபோது அவருக்கு 19 வயது. இத்தாலி கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அன்று இரவே அவர் மீதும் சக வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ மீதும் நிறவெறி வசை கொட்டியது. தனக்கு என்ன வரப்போகிறது என்பது அந்த நொடியே தெரிந்துவிட்டது என்று சாகா பிறகு எழுதினார். பத்தொன்பது வயதுப் பையன், பெனால்டி தவறிய அந்த நொடியில், ஆட்டத்தை நினைத்து அழக்கூட நேரமில்லாமல் தன் கைப்பேசியை நினைத்து அஞ்ச வேண்டியிருந்தது. நீங்கள் நிறத்தைச் சொல்லித் திட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் அந்தக் குப்பை மேட்டில்தான் உங்கள் வரியும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் மோசமாக ஆடினார் என்றால் டீக்கடையில் சொல்லுங்கள், எங்களுக்கு எழுதுங்கள். அவர் வீட்டு வாசலில் போய் எழுதாதீர்கள்.

ஆறு ஆட்டத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். 1989 மே மாதம் ஆர்சனல் ரசிகர்களும் இதைத்தான் கேட்டிருப்பார்கள். 13-ம் தேதி அப்போதைய சொந்த மைதானமான ஹைபரியில் டெர்பி கவுன்டி அணியிடம் 1-2. நான்கு நாள் கழித்து அதே ஹைபரியில் விம்பிள்டனுடன் 2-2. மிஞ்சியது ஒரே ஆட்டம், லிவர்பூலுடன், அவர்களுடைய ஆன்ஃபீல்ட் மைதானத்தில். அதையும் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் கோப்பை. ஏப்ரலில் நடந்திருக்க வேண்டிய ஆட்டம் அது. ஹில்ஸ்பரோ நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரை இழந்ததால் தள்ளிப்போனது. இந்த வாரத்தோடு அந்தத் துயரத்துக்கு 35 வருடம். மே 26 அன்று ஆர்சனல் வீரர்கள் பூங்கொத்துகளோடு களமிறங்கி, அவற்றை லிவர்பூல் ரசிகர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆடத் தொடங்கினார்கள். ஆலன் ஸ்மித் ஒன்று அடித்தார். 90 நிமிடம் முடிந்த பிறகு மைக்கேல் தாமஸ் இன்னொன்று அடித்தார். இரண்டு அணிக்கும் 76 புள்ளி, கோல் வித்தியாசமும் ஒன்றே. அடித்த கோல் 73-க்கு 65 என்ற கணக்கில் கோப்பை லண்டனுக்கு வந்தது. விம்பிள்டன் ஆட்டத்தோடு மனதை மூடிக்கொண்டவர்கள் அந்த இரவை மறுநாள் செய்தித்தாளில் படித்தார்கள்.

இந்த முறையும் அப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. சிட்டி ஏப்ரல், மே மாதங்களில் எப்படி ஆடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் இன்னும் டோட்டன்ஹாம் மைதானத்துக்குப் போக வேண்டும். 2019-ல் திறந்த அந்த மைதானத்தில் லீக் ஆட்டங்களில் சிட்டி இதுவரை ஒரு கோல்கூட அடித்ததில்லை. ஆர்சனல் ஆறையும் வென்றால் 89. ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் கோப்பை வாங்கிய 2003-04 அணி எடுத்ததே 90-தான்.

சனிக்கிழமை, நம் நேரம் நள்ளிரவு 12 மணிக்கு, வுல்வர்ஹாம்ப்டனில் ஆட்டம். சாகாவின் பக்கத்தில் எழுதியதை அதற்குள் அழித்துவிடுங்கள். தம்பியிடம் ஜெர்ஸியைத் திரும்பக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அவனே போட்டுக்கொள்ளட்டும், இரண்டு பேருமாக உட்கார்ந்து பாருங்கள்.